உருளைக்கிழங்கு உரிப்பதெல்லாம் ஒரு நடிப்பா? – டெல்ஃபின் செய்ரிக் பற்றி

ஒரு வாசகர், டிசம்பர் 5, 2022

உலகத்திலேயே சிறந்த படம்னு போட்டிருந்தாங்களேன்னு ஆசையா உட்கார்ந்தேன். மூணேகால் மணி நேரம். ஒரு அம்மா உருளைக்கிழங்கு உரிக்கிறாங்க, பாத்திரம் கழுவுறாங்க, படுக்கை தட்டிப் போடுறாங்க. ஒரு மணி நேரத்துல அணைச்சுட்டேன். அந்த நடிகையை ஆளாளுக்குத் தூக்கி வச்சு ஆடுறீங்களே, அப்படி என்ன நடிச்சிட்டாங்க? எங்க பாட்டியை உட்கார வச்சிருந்தா இதைவிடச் சுத்தமா உரிச்சிருப்பாங்க.

டிசம்பர் 5, இரவு 11.40

உங்க பாட்டி சுத்தமாத்தான் உரிப்பாங்க. அதனாலதான் அவங்க உரிக்கும்போது நாம யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. மீதி நாளைக்கு, தூக்கம் வருது.

டிசம்பர் 6

முதல்ல அந்தப் பட்டியல் சங்கதி. 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒரு தடவை விமர்சகர்கள்கிட்ட ஓட்டு வாங்கும். இந்தத் தடவை 1,639 பேர். ஷான்டல் ஆக்கர்மானோட 1975 படம் முதலிடம், 'வெர்டிகோ' ரெண்டாவது. அந்தப் பட்டியலோட வரலாற்றுல ஒரு பெண் எடுத்த படம் முதலிடம் வர்றது இதுதான் முதல் தடவை. படத்தோட பேரே ஒரு முழு விலாசம்: ழான் டீல்மான், 23 கே து கோமெர்ஸ், 1080 ப்ரஸ்ஸல்ஸ். தபால்காரருக்கு வசதி. நீளம் 201 நிமிஷம். எடுத்தப்போ ஆக்கர்மானுக்கு இருபத்தஞ்சு வயசுகூட முடியல.

"உலகத்திலேயே சிறந்த படம்"னு யாராவது சொல்லி அனுப்பினா எந்தப் படமா இருந்தாலும் சப்புன்னுதான் இருக்கும். அதுக்குப் படம் பொறுப்பில்ல.

இப்ப உங்க பாட்டி. ஆக்கர்மான்கிட்ட இதே கேள்வியைக் கேட்டிருக்காங்க. வீட்டுவேலை செஞ்சு பழகின முகத்தைப் போட்டிருந்தா அந்த வேலை கண்ணுலயே பட்டிருக்காது, டெல்ஃபின் செய்ரிக் செய்யும்போதுதான் பட்டுச்சுங்கிறதுதான் அவங்க பதிலோட சாரம். 1975ல பிரெஞ்சு ரசிகனுக்கு செய்ரிக்னா பட்டு, இறகு, சரவிளக்கு. அந்தக் கை இறைச்சித் துண்டை மாவுல புரட்டி, முட்டையில தோய்ச்சு, ரொட்டித்தூள்ல அழுத்துது. அப்பத்தான் கை தெரியுது.

டிசம்பர் 6, மாலை

ஒண்ணு விட்டுப்போச்சு. அந்தப் படப்பிடிப்புல செய்ரிக்கோட துணைவர் சாமி ஃப்ரே (அவரும் நடிகர்) ஒரு வீடியோ கேமராவோட சுத்தியிருக்கார். அந்தப் பதிவு கிடைச்சா, படத்துக்கு முன்னாடி அதைப் பாருங்க. இந்த அம்மா கேள்வி கேட்டு கேட்டே இயக்குநரைத் துளைச்சு எடுக்கிறாங்க. இந்த அசைவு எதுக்கு, எவ்வளவு நேரம், அப்ப அவ மனசுல என்ன ஓடுது? ஆக்கர்மானுக்குப் பல நேரம் பதில் தெரியல. தெரியலன்னே சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் பதினெட்டு வயசு வித்தியாசம். பெரியம்மா தங்கச்சி மககிட்ட சமையல் குறிப்பு கேட்டு எழுதிக்கிற மாதிரி இருக்கும்.

டிசம்பர் 9

"யாரு இந்தம்மா, எந்த ஊரு?"ன்னு தனியா ரெண்டு பேர் கேட்டிருக்காங்க.

பிறந்தது பெய்ரூட்ல, 1932 ஏப்ரல் 10. அப்பா ஆன்ரி செய்ரிக் தொல்லியல் அறிஞர், சிரியா–லெபனான் தொல்பொருள் துறையைப் பார்த்துக்கிட்டவர். அம்மா எர்மீன் த சசூர். மொழியியல் படிச்சவங்க நிமிர்ந்து உட்காருவீங்க, நவீன மொழியியலுக்கு அடித்தளம் போட்ட அதே சசூரோட குடும்பம்தான். போர்க்காலத்துல அப்பாவுக்கு நியூயார்க்ல வேலை, அதனால குழந்தையிலேயே ஆங்கிலமும் சேர்ந்து வந்துடுச்சு. அண்ணன் தம்பி வகையில ஃப்ரான்சிஸ் செய்ரிக் இசையமைப்பாளர். இவங்க நடிச்ச அலென் ரெனே படம் 'மரியன்பாத்'ல தலைவலி வர்ற மாதிரி ஆர்கன் ஒலிக்குமே, அது அவர் கைங்கரியம்.

இப்ப கொஞ்சம் தடம் மாறப் போறேன். அந்த அம்மா எர்மீன் சின்ன வயசுல பெரிய பாய்மரக்காரி. தோழியோட சேர்ந்து 1920கள்ல மத்தியதரைக் கடல்ல படகு விட்டிருக்காங்க, பொண்ணுங்க மட்டும். அந்தத் தோழி எலா மயார். ஆமா, பயணக்காரி எலா மயாரேதான். ரெண்டாம் உலகப்போர் நேரத்துல நம்ம திருவண்ணாமலையில, ரமணர் பக்கத்துல சில வருஷம் இருந்து, அங்க வளர்த்த பூனையைப் பத்திப் புத்தகமே எழுதினவங்க. கிரிவலம் போறப்ப இது ஞாபகம் வந்து, கூட வந்த சித்தப்பாகிட்ட சொன்னேன். "அதுக்கு இப்ப என்ன?"ன்னார். ஒண்ணுமில்ல சித்தப்பா.

டிசம்பர் 10

நேத்து எழுதினதைப் படிச்சா பெரிய இடத்துப் பொண்ணு நோகாம நடிக்க வந்த கதை மாதிரி இருக்கு. அப்படி இல்ல. செய்ந்த்-எத்தியென்ல ழான் தாஸ்தேகிட்ட நாடகம் கத்துக்கிட்டாங்க. அது பாரிஸுக்கு வெளிய, தொழிலாளிங்க ஊர். அப்புறம் ஜாக் யங்கர்மான்ங்கிற அமெரிக்க ஓவியரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, 1956ல நியூயார்க். ஆக்டர்ஸ் ஸ்டூடியோவுல வகுப்பைக் கவனிச்சுக்கிட்டு, வாய்ப்புக்காக அலைச்சல். முதல் படம் 1959ல, ராபர்ட் ஃப்ராங்கும் ஆல்ஃப்ரட் லெஸ்லியும் எடுத்த 'புல் மை டெய்சி'. ஜின்ஸ்பெர்க் மாதிரி கவிஞர்கள் கூட்டம் வீட்டுக்குள்ள வந்து கூத்தடிக்கும், இவங்கதான் வீட்டுக்காரியா முகத்தைச் சுளிக்கணும். யாருக்கும் வசனம் கிடையாது, பின்னணியில எழுத்தாளர் கெரூவாக்கே பேசிக்கிட்டுப் போவார். ஆக முதல் படமே ஊமை வேஷம், அதுவும் இல்லத்தரசி. பதினாறு வருஷம் கழிச்சு திரும்பவும் அதே சமையலறைக்குத்தான் வந்திருக்காங்க. இதை இப்ப எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

டிசம்பர் 18

'மரியன்பாத்' எழுதாம இருந்தா அடிப்பீங்க.

நான் முதல்ல பார்த்தது ஒரு ஃபிலிம் சொசைட்டியில, பேர் வேண்டாம். ஏப்ரல் மாசம், மேல மூணு மின்விசிறி. அந்தச் சத்தத்துல ஒரு வசனம் காதுல விழல, சப்டைட்டில் முன்வரிசைக்காரர் தலையில விழுந்தது. ஆக நான் பார்த்தது ஒரு மௌனப்படம். வெள்ளையில, கறுப்புல ஒரு பொண்ணு தோள்ல கை வச்சுக்கிட்டு நிக்கிறா, நகர்றா, திரும்ப நிக்கிறா. உடை பலதும் ஷனேல். தோட்டத்துல ஆளுங்களுக்கு மட்டும் நிழல் நீளமா விழும், மரத்துக்கு விழாது. ஆளுங்க நிழலைத் தரையில பெயின்ட் அடிச்சு வச்சாங்களாம். நான் அதைக்கூட அன்னிக்குக் கவனிக்கல, பாதியில தூங்கிட்டேன். எழுந்தப்பவும் அவங்க நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

1961ல வெனிஸ் திரைப்பட விழாவுல முதல் பரிசு, தங்கச் சிங்கம் வாங்கின படம். ம்யூனிக் பக்கத்து அரண்மனைகள்ல எடுத்தது. ஒரே படத்துல இவங்க ஐரோப்பா பூராவும் 'மர்மப் பெண்' ஆயிட்டாங்க.

பல வருஷம் கழிச்சு வீட்டுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். குரல்! அன்னிக்கு மின்விசிறி தின்னது அதைத்தான். செல்லோ மாதிரிக் குரல்னு பிரெஞ்சுக்காரங்க சொல்லுவாங்க. எனக்கு என்னமோ பாதி முழிப்புல பேசுறவங்க குரல் மாதிரி இருந்துச்சு. வார்த்தையோட கடைசி அசையை விட மனசில்லாம விடுவாங்க.

டிசம்பர் 19

மர்மப் பெண் பட்டம் கிடைச்சவங்க அடுத்து என்ன பண்ணுவாங்க? இன்னும் நாலு மர்மப் பெண்ணா நடிச்சுக் காசு பார்ப்பாங்க. இவங்க அதே அலென் ரெனேகிட்ட 'ம்யூரியல்' பண்ணினாங்க, 1963. முப்பத்தொரு வயசுல, தலை நரைக்க ஆரம்பிச்ச பொம்பளை வேஷம். அல்ஜீரியப் போர்ல இருந்து திரும்பி வந்த இளைஞனுக்கு மாற்றாந்தாய். பூலோன்-சுர்-மேர்ல வீட்டையே பழம்பொருள் கடையா நடத்துறவ. சாப்பிடற மேசைக்கே விலைச்சீட்டு ஒட்டியிருக்கும், இன்னிக்கு உட்கார்ற நாற்காலி நாளைக்கு வித்துப் போயிடலாம். ராத்திரியானா சூதாட கேசினோவுக்கு ஓடுவா. வெனிஸ்ல சிறந்த நடிகை விருது.

எனக்கு இதுதான் அவங்க படங்கள்ல பிடிச்சது. டீல்மானைவிடவும். (இதைப் பிடிச்சுக்கிட்டு சண்டைக்கு வராதீங்க.)

ஜனவரி 3, 2023

லீவுல த்ரூஃபோவோட 'திருட்டு முத்தங்கள்' (1968) திரும்பப் பார்த்தேன். செருப்புக் கடை முதலாளி மனைவியா வர்றாங்க செய்ரிக். கடையில வேலை பார்க்கிற பையன் அன்த்வான் இவங்களை மனுஷியாவே நினைக்கல, ஏதோ தரிசனம் மாதிரி உருகுறான். காபி குடிச்சுக்கிட்டிருக்கும்போது அவங்க என்னமோ கேட்க, பதட்டத்துல "ஆமாங்க ஐயா"ன்னுடுவான். ஐயா! அப்படியே எழுந்து ஓடிடுவான்.

அதுக்கு அவங்க அனுப்புற பதில்ல ஒரு கதை வரும். குளியலறைக் கதவைத் தெரியாம திறந்துட்ட ஒருத்தன், உள்ள ஒரு பொண்ணு துணியில்லாம நிக்கிறா. "மன்னிக்கணும் அம்மா"ன்னு கதவைச் சாத்தினா அது மரியாதை. "மன்னிக்கணும் ஐயா"ன்னு சாத்தினா அது நயம். அப்புறம் அவங்களே அவன் ரூமுக்கு வந்து, நான் தரிசனமெல்லாம் இல்லப்பா, பொம்பளை, அது ரெண்டும் நேரெதிர்னு சொல்லுவாங்க.

அவங்க வாழ்க்கை பூரா இந்த ஒரு வசனத்துலயே இருக்கு.

ஜனவரி 4

நேத்து ராத்திரி எழுதின கடைசி வரியை வாபஸ் வாங்கிக்கிறேன். அவங்களைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் அந்த வசனத்துலதான் போய் முட்டிக்கிறாங்க, நானும் முட்டிக்கிட்டேன். அதை எழுதினது அவங்க இல்ல, த்ரூஃபோவும் கூட இருந்தவங்களும். தவிர, தரிசன வேஷத்தை அவங்க விட்டுடவும் இல்ல. 1970ல ழாக் தெமியோட 'கழுதைத்தோல்'ல ஊதா நிறத் தேவதை. 1971ல 'இருட்டின் புதல்விகள்'ல ரத்தம் குடிக்கிற சீமாட்டி, குளிர்காலத்துல ஆளில்லாத ஒஸ்டெண்ட் ஓட்டல்ல வெள்ளி ஜிகினா உடுப்புல வந்து இறங்குவாங்க. ரெண்டுலயும் கவனிச்சுப் பாருங்க, தன்னோட பழைய பிம்பத்தைத் தானே கிண்டல் பண்றாங்க. தேவதைக்குக் கோபம் வந்தா சாதாரணப் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி சிடுசிடுங்குது. அந்தக் குரல்ல பாட்டு வேற.

ஜனவரி 4, சற்றுக் கழித்து

திருத்தம். 'கழுதைத்தோல்'ல பாட்டுக் குரல் அவங்களோடது இல்ல. பாடினது கிறிஸ்தியான் லெக்ரான். செல்லோ, முழிப்பு, அசைன்னு இவ்வளவு வர்ணிச்சுட்டு ஏமாந்துட்டேன். சுட்டிக்காட்டின நண்பருக்கு நன்றி, ஆனா அந்த மூணு சிரிப்புப் பொம்மை தேவையில்ல.

ஜனவரி 15

பொங்கலுக்கு அம்மா வந்திருந்தாங்க. டீல்மானை ஓட விட்டுட்டு நான் கரும்பு வெட்டிக்கிட்டிருந்தேன். அம்மாவுக்கு பிரெஞ்சும் தெரியாது, கீழ ஓடுற ஆங்கிலமும் ஓடற வேகத்துக்குப் படிக்க வராது. பரவாயில்ல, அந்தப் படத்துல வசனம் கைவிட்டு எண்ணிடலாம். பத்து நிமிஷம் பார்ப்பாங்க, எழுந்துடுவாங்கன்னு நினைச்சேன்.

எழுந்திருக்கல. முதல் நாள் பூரா, "கெட்டிக்காரி." அவ்வளவுதான் விமர்சனம். ரூமை விட்டு வெளிய வரும்போதெல்லாம் லைட்டை அணைக்கிறா இல்ல, அது அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. என் பக்கம் ஒரு பார்வை வேற.

கணவன் செத்துட்டான், ஒரு பையன், செலவுக்கு மத்தியானம் வீட்டுக்கு ஆள் வர்றது, அந்தக் காசைச் சாப்பாட்டு மேசை மேல இருக்கிற சூப்புப் பாத்திரத்துல போட்டு வைக்கிறது. இதை எப்படி அம்மாவுக்குச் சொல்றதுன்னு நான் முழிச்சுக்கிட்டிருந்தப்ப, "எல்லாம் புரியுது, நீ கரும்பை வெட்டு"ன்னாங்க.

ரெண்டாம் நாள். ஆள் போனதும் காசைப் போடுறா. அம்மா கத்தினாங்க: "மூடி! மூடியை மூடலையே அவ!"

நான் இந்தப் படத்தை ரெண்டு தடவை பார்த்தவன். மூடி திறந்து கிடக்கிறது எனக்கு ஒரு கட்டுரை படிச்ச பிறகுதான் தெரியும்.

அதுக்கப்புறம் அம்மா முன்னாடி நகர்ந்து உட்கார்ந்துட்டாங்க. உருளைக்கிழங்கு குழைஞ்சு போகுது. சட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க கொட்டறதுன்னு தெரியாம வீட்டைச் சுத்துறா, குளியலறைக்குள்ளகூடப் போறா. வேற கிழங்கு வாங்கிட்டு வந்து உட்கார்ந்து உரிக்கிறா. நீங்க கேட்ட அந்த உரிப்பு இதுதான், ஐயா. முதல் நாள் உரிச்ச கை இல்ல இது. கத்தி ஒரு இடத்துல நிக்குது, அப்புறம் வேகமா இழுக்குது, திரும்ப நிக்குது. "வெட்டிக்கப் போறா"ன்னாங்க அம்மா. வெட்டிக்கல. ஆனா அந்தப் பயம் திரையில எங்கயும் எழுதியில்ல, மணிக்கட்டுல இருக்கு.

மூணாம் நாள் காபி. வாயில வச்சுப் பார்க்கிறா, சரியில்ல. பாலை மாத்துறா. சரியில்ல. எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசா இறக்குறா, சொட்டுச் சொட்டா. அம்மா ஒண்ணும் பேசல. கடைசி வரைக்கும் பார்த்துட்டு, "பாவம், ஒரு நாள் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு"ன்னுட்டு எழுந்து போய்ட்டாங்க. முடிவை நான் இங்க சொல்லப் போறதில்ல. அம்மா சொன்னதுக்கும் நான் விளக்கம் கேட்கல.

பிப்ரவரி 2

"பெண்ணியவாதின்னு பேர் வாங்கினதால பட்டியல்ல மேல தூக்கி வச்சுட்டாங்க"ன்னு ஒருத்தர். பட்டியல் 2022ல. இவங்க இறங்கினது 1971ல, இறங்கினா என்ன கிடைக்கும்னு யாருக்கும் தெரியாத நேரத்துல. நான் கருக்கலைப்பு செஞ்சுக்கிட்டேன்னு 343 பெண்கள் கையெழுத்துப் போட்டு 'நூவெல் ஒப்செர்வத்தர்'ல ஏப்ரல் 5ஆம் தேதி வெளியிட்டாங்களே, அதுல இவங்க பேர் இருக்கு. அது அன்னிக்குச் சட்டப்படி குற்றம். அடுத்த வருஷம் போபின்யி கருக்கலைப்பு வழக்குல சாட்சி சொல்லப் போனாங்க.

1974 வாக்குல கரோல் ரூசோபூலோஸ்கிட்ட வீடியோ கத்துக்கப் போனாங்க. தோள்ல மாட்டிக்கிற சோனி போர்ட்டபாக். தோழி யோவானா வீடரும் கூட. டிவியில பெர்னார் பிவோ மகளிர் ஆண்டு முடியறதை 'அப்பாடா'ன்னு கேலியா ஒரு நிகழ்ச்சி பண்ண, பெண்கள் நலத்துக்கான அமைச்சர் ஃப்ரான்சுவாஸ் ஜிரூவும் அதுல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. இவங்க கூட்டம் அதை அப்படியே பதிவு பண்ணி, நடுநடுவுல நிறுத்தி, கையால எழுதின அட்டையைச் செருகி, பதிலுக்குப் பதில் பேசி ஒரு படமாக்கிட்டாங்க. இன்னிக்கு யூடியூப்ல பசங்க பண்றாங்களே, அதேதான். அப்ப வருஷம் 1976.

'அழகா இரு, வாயை மூடு' இன்னும் முக்கியம். பிரான்ஸ்லயும் அமெரிக்காவுலயும் இருபதுக்கு மேல நடிகைகளை உட்கார வச்சுப் பேசினது, 1981ல வெளிவந்துச்சு. கேள்வியெல்லாம் எளிமை. நீங்க ஆம்பிளையா பிறந்திருந்தா நடிக்க வந்திருப்பீங்களா? இன்னொரு பொண்ணோட அன்பா பேசற மாதிரி ஒரு காட்சியில நடிச்சிருக்கீங்களா? இதுக்குப் பல பேர் யோசிச்சு யோசிச்சு, இல்லைங்கிறாங்க. ஜேன் ஃபோண்டா சொல்றாங்க: ஸ்டூடியோவுக்குப் போன முதல் நாள் முடிக்குச் சாயம், மார்புக்குப் பொய்த்திணிப்பு, கன்னம் ஒட்டித் தெரிய தாடையை உடைக்கலாம்னு யோசனை.

பிப்ரவரி 3

ராத்திரி தூக்கம் வரல, எழுதிடறேன். நான் இளவயசுல ரெண்டு வருஷம் உதவி இயக்குநரா இருந்தேன். எந்தப் படம்னு கேட்காதீங்க, வெளியவே வரல. தேர்வுக்கு வந்த ஒரு பொண்ணு அருமையா பண்ணினா. முன்பல் ரெண்டும் சின்ன இடைவெளியோட இருக்கும். "பல்லைச் சரி பண்ணிட்டு வரச் சொல்லு"ன்னு என்னைத்தான் அனுப்பினாங்க. போய்ச் சொன்னேன், சிரிச்ச முகமா, ஏதோ உதவி பண்ற மாதிரி. அந்தப் பொண்ணு கையால வாயை மூடிக்கிட்டு, சரிங்க சார்னா. ஃபோண்டா பேசறதைப் பார்க்கும்போது அவங்க எதிர்ல உட்கார்ந்திருக்கிற செய்ரிக்கோட மௌனம்தான் எனக்குத் தாங்கல. குறுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாங்க.

பிப்ரவரி 20

'இந்தியா சாங்' (1975, மார்கரீத் துராஸ்) பத்தி ஏன் எழுதலன்னு கேள்வி. கடுப்பாகுது, அதான். கதை 1937ல, கல்கத்தாவுல பிரெஞ்சுத் தூதர் மாளிகை, தூதர் மனைவி ஆன்-மரி ஸ்ட்ரெத்தர் நம்மாளு. பிரிட்டிஷ் இந்தியாவோட தலைநகர் டெல்லிக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கல்கத்தாவுல எந்தத் தூதர்? பக்கத்துல சந்திரநாகூர் இவங்க வசம்தான் இருந்துச்சு, நம்ம புதுச்சேரி மாதிரி. அதைப் பத்தி மூச்சு இல்ல. படம் எடுத்தது பாரிஸ் ஓரத்துல பூலோன்ய்ல பாழடைஞ்ச ரோத்ஷில்ட் மாளிகை. ஊதுபத்தி கொளுத்தி வச்சா கல்கத்தாவா?

பிப்ரவரி 21

நேத்து எழுதினது தப்புன்னு சொல்லமாட்டேன், ஆனா அரைகுறை. படத்துல யாரும் உதட்டை அசைச்சுப் பேசறதில்ல. நடனம், ரும்பா இசை, வெக்கை, எல்லாக் குரலும் வெளியிலிருந்து வருது, நடிகர்கள் குரல் உட்பட. லாவோஸ்ல இருந்து நடந்தே வந்த பிச்சைக்காரி சிரிக்கிறதும் பாடறதும் கேட்கும், அவளைக் காட்டவே மாட்டாங்க. மாளிகைக்குள்ள இருக்கிற வெள்ளைக்காரங்களுக்கு இந்தியா அவ்வளவுதான், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். அப்படிப் பார்த்தா பூலோன்ய்ல எடுத்தது நேர்மைதான்.

ஒரே வருஷம் இதுவும் டீல்மானும். ஒண்ணுல விசிறிக்கடியில அசையாம கிடக்கிறாங்க, இன்னொண்ணுல கை ஒரு நிமிஷம் ஓயல. மின்விசிறி ஃபிலிம் சொசைட்டியில குரல் இல்லாத செய்ரிக்கைப் பார்த்தேன்னு புலம்பினேன் இல்லையா. இங்க குரல் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

மார்ச் 11

சீக்கிரம் முடிச்சுடறேன். 1982ல கரோலும் வீடரும் இவங்களும் சேர்ந்து பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவார் பேர்ல ஒரு ஒலி-ஒளிக் காப்பகம் தொடங்கினாங்க. அமெரிக்க மேற்குப் பகுதியில பேர் போன சாகசக்காரி கலாமிட்டி ஜேன் தன் மகளுக்கு எழுதினதாச் சொல்லப்படற கடிதங்களைத் தானே படமா இயக்கணும்னு ஆசை. 1983ல மொண்டானா வரைக்கும் போய் வந்தாங்க, கூட டீல்மானோட ஒளிப்பதிவாளர் பாபெத் மாங்கோல்த். படம் நடக்கல. 1986ல ஆக்கர்மானோட 'கோல்டன் எய்ட்டீஸ்'. கடைத்தெரு, பாட்டு, ஆட்டம், துணிக்கடைக்காரி, பேர் திரும்பவும் ழான்.

1990 அக்டோபர் 15, பாரிஸ்ல புற்றுநோய். அம்பத்தெட்டு வயசு. மோன்பர்னாஸ் கல்லறையில இருக்காங்க.

மார்ச் 26

இழையை ஆரம்பிச்சவர் தனியா எழுதியிருக்கார். அனுமதியோட போடறேன்: "அணைச்ச இடத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சேன். ரெண்டாம் நாள் வரைக்கும் வந்திருக்கேன். மூடி திறந்து கிடக்கு. அவ சாப்பிடறா, பையன் சாப்பிடறான், அந்த மூடி அப்படியே கிடக்கு. எழுந்து போய் மூடிடலாம் போல இருக்கு."

அம்மாகிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். மூணாம் நாளைத் தனியா பார்க்க வேண்டாம், பாட்டியைப் பக்கத்துல வச்சுக்கச் சொல்லுன்னாங்க.